சோழி சொன்ன கணக்கு

ஆம்பூர்த் தோல் ஆலைகளுக்குத் தெற்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் தொலைநோக்கிகள் விண்ணை அளக்கின்றன. அடிவாரத்திலோ, கிரகணம் என்றதும் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் அடைப்போர் இன்னும் உண்டு!

1768-இல் புதுவைக்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜாந்தீல், சோழிகளைப் பரப்பிக் கணக்கிடும் தமிழர் ஒருவரைக் கண்டு வியந்தார். முக்கால் மணி நேரத்துக்குள், 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பை அவர் கணித்துக் காட்டினார். மறைப்பு நீடித்த நேரத்தில் பிழை 41 நொடி; ஐரோப்பாவின் மேயர் வாய்பாட்டிலோ 68 நொடி!

பாம்பு விழுங்குவது மெய்யானால், வாய்பாட்டுக்கு அங்கே என்ன வேலை? நாழிகை பார்த்தா பசி எடுக்கும் பாம்புக்கு? அந்தக் கணக்கில் ராகு என்பது, ஞாயிற்றின் பாதையை நிலவின் பாதை வெட்டும் புள்ளி, அவ்வளவே. கணக்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, பாம்பை மக்களுக்குக் கொடுத்தது பஞ்சாங்கம்.

2013 மே 10-இல் ஆஸ்திரேலியாவில் தெரிந்த வளைய மறைப்பின் அடுத்த சுற்று, 18 ஆண்டு, 11 நாள், 8 மணி கழித்து, 2031 மே 21-இல் வரும். அந்த எட்டு மணியில் புவி மூன்றில் ஒரு பங்கு சுழல்வதால், நிழல் இம்முறை நம்மீது விழும். தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் எனத் தடம் இப்போதே வரைந்தாயிற்று. ஆம்பூருக்கு வளையம் கிட்டாது. பெரும்பகுதி மறைந்த ஞாயிறு கிட்டும். அன்று புதன்கிழமை, வேலைநாள். காலணி ஆலைக்குப் புறப்படும் கருவுற்ற சகோதரியை வாசலில் மறிப்போரிடம், தோழர்களே, அந்தச் சோழிக் கணக்கைச் சொல்லுங்கள்.