நெல்வயல் குள்ளச் சிலந்தியின் பெயர் வரலாறு

நெற்பயிரின் தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சிறுவலை பின்னி வாழும் குள்ளச் சிலந்தி, சில மில்லிமீட்டர் அளவினதே. முதுகில் மூன்று இணைச் சாம்பல்நிறப் புள்ளிகள் இருந்தும், வேறு சிலந்தியின் குஞ்சாகவே பெரிதும் கருதப்பட்டு வந்தது.

1977இல் ஜப்பானிய ஆய்வாளர் ஓயி, தைவான் மாதிரிகளைக் கொண்டு இதற்குக் காலிட்ரிக்கியா ஃபார்மோசானா எனப் பெயரிட்டார். அப்பேரினம் 1936இல் லூயி ஃபாழ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கிழக்கு ஆப்பிரிக்கச் சிலந்திகளுக்கென வகுத்தது. ஆசிய நெல்வயலின் உயிரி ஒன்று ஆப்பிரிக்கப் பேரினத்தில் அடங்கியது சற்று வியப்பானதே. பின்னர் இது, எழேன் சிமோன் 1894இல் பிலிப்பைன்ஸ் சிலந்தியொன்றைக் கொண்டு நிறுவிய அட்டிபீனா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வேளாண் நூல்களில் நிலைபெற்றது அப்பெயரே. வகைப்பாட்டாளர் பின்பு மீண்டும் பழைய பேரினத்துக்கே திருப்பினர்.

இவ்வளவு சிறிய உயிரி கவனம் பெற்றதற்குக் காரணம் அருங்காட்சியக ஆர்வமன்று, புகையான். 1966இல் ஐ.ஆர்.8 வெளியானபின் குட்டை நெல் இரகங்களும் தழைச்சத்து உரமும் பூச்சிக்கொல்லியும் ஒருசேரப் பரவின. 1973-74இல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் புகையான் பேரழிவு விளைவித்தது. இலையுறைத் திசுவினுள் இடப்படும் அதன் முட்டைகள் மருந்துக்குத் தப்பின. அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை உண்ணும் சிலந்திகளோ மடிந்தன. தெளிப்புக்குப்பின் புகையான் முன்னினும் மிகுந்து பெருகியதன் காரணம் இதுவே. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்குரிய 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ததும் இவ்வுணர்வின் விளைவே. மறு ஆண்டே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் நெல் உழவரின் நண்பர்களைப் பற்றிய படக் கையேட்டை வெளியிட்டது. புகையான், தத்துப்பூச்சிக் குஞ்சுகளை உண்ணும் குள்ளச் சிலந்தியும் அதில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டு வேளாண் வழிகாட்டிகளில் இயற்கை எதிரிகளின் பட்டியலில் இது பெரும்பாலும் அட்டிபீனா என்றே வருகிறது. வகைப்பாட்டுப் பட்டியலில் அப்பெயரைத் தேடுவோர் வேறு சிற்றினங்களையே காண்பர். வயலாய்வுகளைக் காலிட்ரிக்கியா என்னும் சொல்லால் தேடுவோருக்கு அவற்றுட் பல அகப்படா. இருபெயரையும் இணைத்துத் தேடாத ஆய்வேடு, இச்சிலந்தியின் பரவலைக் குறைத்தே மதிப்பிடும்.