நிபா வைரஸ்: பயப்பட வேண்டியது வௌவாலுக்கா, தாமதத்துக்கா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

பொழுது சாய்ந்தால் குன்றத்தூர், செம்பரம்பாக்கம் பக்கம் வானத்தில் வௌவால் பறப்பது புதுசு இல்லை. ஆனால் கேரளாவில் நிபா என்று செய்தி வந்த உடனே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். "நம்ம ஊர்ல இருக்கிற வௌவாலை எல்லாம் விரட்டிடலாமா?"

வேண்டாம். அதனால் ஆபத்து குறையாது, கூடத்தான் செய்யும். நிபா பரவிய ஊர்களில் பல உயிர்கள் போனதற்குக் காரணம், முதல் நோயாளிக்கு வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று சீக்கிரம் தெரியாமல் போனதுதான். பல மாநிலத் தொழிலாளர்கள் ஒரே ஹாஸ்டலில், ஒரே கம்பெனி பஸ்ஸில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதிக்கு இது ரொம்ப முக்கியமான பாடம். விவரமாகப் பார்க்கலாம்.

நிபா எங்கிருந்து வந்தது?

1998-ம் ஆண்டு மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. முதலில் அதை கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999-ல்தான் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது புது வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். நோயாளி ஒருவரின் ஊரான 'சுங்கை நிபா' பெயரே வைரஸுக்கும் வந்தது.

பண்ணையை ஒட்டிப் பழ மரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடம் இருந்து மனிதனுக்கு வந்தது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இந்தியாவில் 2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியிலும், 2007-ல் அதே மாநிலத்தின் நதியா மாவட்டத்திலும் நிபா வந்தது. 2018-ல் கேரளாவின் கோழிக்கோடு, மலப்புரம். அதற்குப் பிறகு 2019, 2021, 2023, 2024, 2025 என்று கேரளாவில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டு வௌவால்களிடமும் இருக்கிறதா?

இந்த வைரஸை இயல்பாகத் தாங்கி வாழ்வது பெரிய பழந்தின்னி வௌவால். அதற்கு நோய் வருவதில்லை. எச்சில், சிறுநீர் வழியாக வைரஸ் வெளியே வரும்.

புனேவில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பல மாநிலங்களில் வௌவால்களைப் பிடித்துச் சோதித்தது. கேரளா, மேற்கு வங்கம் மட்டுமல்லாமல் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகா வௌவால்களிலும் நிபாவுக்கான எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. எதிர்ப்பொருள் இருந்தால், அந்த வௌவால் எப்போதோ ஒரு முறை வைரஸை எதிர்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது அது வைரஸைப் பரப்பிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அப்போ விரட்டினால் என்ன தப்பு?

ஆஸ்திரேலியாவில் நிபாவின் நெருங்கிய சொந்தமான 'ஹெண்ட்ரா' வைரஸ் இருக்கிறது. 1994-ல் பிரிஸ்பேனில் குதிரைகள் வழியாக மனிதனுக்கு வந்தது. அங்கே நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. காடு அழிந்து, பூவும் தேனும் கிடைக்காத காலத்தில் வௌவால்கள் கூட்டம் பிரிந்து பண்ணைகள் பக்கம் வருகின்றன. அப்போதுதான் குதிரைகளுக்கு நோய் தொற்றுவது அதிகமாகிறது.

மரத்தை வெட்டினால், பட்டாசு போட்டு விரட்டினால், அந்தக் கூட்டம் இன்னும் நாலு இடத்துக்குப் பிரிந்து போகும். நம்ம வீட்டு மாமரத்துக்கும் வரலாம்.

காஞ்சிபுரம் பக்கத்தில் விஷார் கிராம மக்கள், ஊரில் இருக்கும் வௌவால்கள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. இரவில் பறந்து மகரந்தம் பரப்புவது, விதையைத் தூவிக் காடு வளர்ப்பது எல்லாம் இந்த வௌவால் செய்யும் வேலை. சட்டமும் மாறியிருக்கிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் ரொம்ப காலம் 'தொல்லை தரும் உயிரினம்' பட்டியலில் எலி, காக்காவோடு இருந்தன. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

2018 கோழிக்கோட்டில் நடந்தது என்ன?

மே மாதத் தொடக்கத்தில் பேராம்ப்ரா பகுதி இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்து இறந்தார். அது நிபா என்று யாருக்கும் தெரியாது. தாலுகா மருத்துவமனை, பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அவர் போன இடங்களில் பக்கத்துப் படுக்கை நோயாளி, துணைக்கு வந்தவர், ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தவர் எனப் பலருக்கும் தொற்றியது.

அதே வீட்டில் இன்னொருவருக்கும் அதே அறிகுறி வந்தபோதுதான் கோழிக்கோடு தனியார் மருத்துவமனை டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் என்றால் இது சாதாரணம் இல்லை என்று மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மணிப்பால் ஆய்வகமும், பிறகு புனே நிறுவனமும் நிபா என்று உறுதி செய்தன.

அந்தப் பரவலில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட பேராம்ப்ரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி புதுச்சேரி. இரண்டு சின்னக் குழந்தைகளின் அம்மா.

இன்னொரு தகவலும் கவனிக்க வேண்டியது. முதலில் அந்த வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்கள் மேல் பழி விழுந்தது. பிடித்துப் பார்த்தால் அவை பூச்சி தின்னும் வகை, வைரஸ் இல்லை. பிறகு அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில் சிலவற்றில்தான் வைரஸ் இருந்தது.

2023-ல் என்ன மாறியது?

செப்டம்பர் 2023-ல் கோழிக்கோட்டில் மறுபடியும் வந்தது. அப்போதும் முதல் நோயாளி இறந்த பிறகு, அவர் உறவினர்களுக்கும் உடம்பு முடியாமல் போனபோதுதான் தெரியவந்தது. ஆனால் தெரிந்த பிறகு வேகம் வேறு. தொடர்பில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்துக் கண்காணித்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதி அறிவித்தார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மொத்தம் 6 பேருக்குத் தொற்று, 2 பேர் மரணம். அதோடு நின்றது.

இரண்டு முறையும் வைரஸ் ஒன்றுதான். தெரிந்துகொண்ட வேகமும், தெரிந்த பிறகு ஓடிய வேகமும்தான் வேறு.

கொரோனா மாதிரி பரவுமா?

பரவாது. நிபா வந்த ஒருவர் சராசரியாக ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை. நெருங்கிப் பழகுபவர், எச்சில், சளி, ரத்தம், சிறுநீர் படுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அதனால்தான் வீட்டிலும் மருத்துவமனையிலும் பரவுகிறது, தெருவில் பரவுவதில்லை.

ஆனால் வந்தால் ஆபத்து பெரிது. பாதிக்கப்பட்டவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

நம்ம ஏரியாவுக்கு என்ன சம்பந்தம்?

2020 மார்ச் 7-ம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானது காஞ்சிபுரத்தில்தான். அவர் ஓமனில் இருந்து திரும்பியவர். 2021 மே மாதம் இரண்டாவது அலையில், பாதுகாப்பு இடைவெளி இல்லை என்று தொழிலாளர்கள் போராடியதால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை சில நாட்கள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனால்ட் - நிஸான் ஆலைப் பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

இங்கே ஒருவருக்குத் தொற்று வந்தால் ஷிப்ட், பஸ், கேன்டீன், ஹாஸ்டல் என்று நாலு இடத்தில் தொடர்பு இருக்கும். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த சிப்காட் பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க முடியும். குன்றத்தூர், படப்பை, சுங்குவார்சத்திரம் என எங்கே பார்த்தாலும் ஒரு ரூமில் நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து இருக்கிறார்கள்.

இதற்காக கேரளாக்காரர், வங்காளக்காரர் என்று யாரையும் ஒதுக்கி வைக்கக் கூடாது. ஒதுக்கிவைத்தால் அவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல்தான் எல்லாருக்கும் ஆபத்து.

எப்போது உஷாராகணும்?

வைரஸ் உள்ளே போய் பொதுவாக 4 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வாந்தி, தொண்டை வலி என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரியேதான் ஆரம்பிக்கும். காய்ச்சலோடு கீழே உள்ளதில் எது வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகணும்:

- பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாதது, அதிக தூக்கக் கலக்கம்
- வலிப்பு
- மூச்சுத் திணறல்

ரூம்மேட்டுக்கு இப்படி ஆனால், கூடப் போகிறவர் மாஸ்க் போட்டுக்கொள்ளணும், கையை சோப்பால் கழுவணும். டாக்டரிடம் மூன்று விஷயத்தைக் கேட்காமலே சொல்லிடுங்க: கடந்த 21 நாளில் எந்த ஊருக்குப் போய் வந்தார், வீட்டிலோ ரூமிலோ வேறு யாருக்காவது இதே மாதிரி இருக்கா, உடம்பு முடியாத யாரையாவது கவனித்துக்கொண்டாரா. தமிழ் தெரியாத தொழிலாளி என்றால், மொழி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புவது பெரிய உதவி. கோழிக்கோட்டில் நோயைக் காட்டிக் கொடுத்தது இந்த மாதிரி ஒரு தகவல்தான்.

ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

லீவு போட்டால் சம்பளம் போயிடுமே?

காய்ச்சலை மறைக்க முக்கியக் காரணமே இதுதான். இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிற தொழிலாளிக்கு, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. உங்க இ.எஸ்.ஐ. நம்பர் என்ன என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கம்பெனிகளும் ஹாஸ்டல் நடத்துபவர்களும் செய்ய வேண்டியது: காய்ச்சல் வந்தவருக்குத் தனியாக ஒரு அறை, யார் எந்த ரூம், எந்த பஸ், எந்த ஷிப்ட் என்று சரியான பதிவேடு. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் நாளில் அந்தப் பதிவேடுதான் கை கொடுக்கும்.

பழம், பதநீர் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். சில விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

- கீழே விழுந்த, கடித்த தடம் உள்ள மாம்பழம், கொய்யா, நாவல்பழம் வேண்டாம். கடித்த பாகத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுவதும் வேண்டாம். ஆடு, மாடு, பன்றிக்கும் போட வேண்டாம்.
- நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்க.
- வங்கதேசத்தில் நிபா அடிக்கடி வருவது பச்சையாகக் குடிக்கும் ஈச்சமரச் சாற்றால். இரவில் பானையில் வௌவால் வாய் வைக்கும். நம்ம ஊர் பதநீரிலும் பானையை மூடிப் பாதுகாத்து இறக்கியதா என்று கேட்டு வாங்குங்க. கொதிக்கக் காய்ச்சுகிற கருப்பட்டியில் இந்தப் பயம் இல்லை.
- செத்துக் கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தொடாதீங்க.

மருந்து, தடுப்பூசி இருக்கா?

நிபாவுக்கு என்று ஒப்புதல் பெற்ற மருந்தோ தடுப்பூசியோ இல்லை. கேரளாவில் ரெம்டெசிவிர், ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மோனோகுளோனல் ஆன்டிபாடி ஆகியவை அவசரத்துக்குப் பயன்படுத்த வைக்கப்பட்டன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் மனிதர்களிடம் தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. அது கைக்கு வரும் வரை, சீக்கிரம் கண்டுபிடிப்பதும் தனிமைப்படுத்துவதும்தான் நம்ம மருந்து.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பலம் உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனித் துறை, 1939-ல் இருந்தே தனிச் சட்டம், கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் ஆய்வு நிலையம். ஆனால் இந்த அமைப்புகள் எல்லாம் வேலையைத் தொடங்க, முதல் தகவல் கீழே இருந்து வரணும். ஒரு ஹாஸ்டல் வார்டன், ஒரு கிளினிக் டாக்டர், ஒரு ரூம்மேட், இவர்களில் யாரோ ஒருவர் "இது சாதாரணக் காய்ச்சல் மாதிரி தெரியலையே" என்று சொல்லும் நேரத்தில்தான் அது தொடங்கும்.