நெறிக்கட்டி: டிபியா, லிம்போமாவா?

படப்பையிலிருந்து இன்னொரு எபிசோட்.

எங்க தெருவுல ஒரு அண்ணன், ஒரகடத்துல ஷிப்ட் வேலை. கழுத்துல நெறி கட்டியிருந்தது, வலி இல்ல. சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி சட்டை நனையுற அளவுக்கு வியர்வை, உடம்பும் இளைச்சுக்கிட்டே போச்சு. "டிபியாத்தான் இருக்கும்"னு கட்டியை எடுத்துப் பார்க்காமலே மாத்திரை கொடுத்தாங்க. நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அது நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா. லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் தொடங்கும் புற்றுநோய். இந்தக் குழப்பம் புதுசு இல்ல. அதோட வரலாறுதான் இன்னைக்கு.

1832. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கிய ஏழு பேரைப் பற்றி எழுதினார். பார்த்தது வெறும் கண்ணால. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பேரையே வச்சார். பல வருஷம் கழிச்சு, பாதுகாத்து வச்சிருந்த திசுக்களை மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, எல்லாமே ஹாட்ஜ்கின் நோய் இல்ல!

1898இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் இந்த நோயில் வரும் ராட்சத செல்களை விவரிச்சார். ஆனா, இது டிபியோட ஒரு வகைன்னு நினைச்சார். 1902இல் அமெரிக்காவில் டோரத்தி ரீட் அதை மறுத்தார்: இது தனி நோய். அந்த செல்லுக்கு இன்னைக்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க்னுதான் பேரு. அது இருந்தா பெரும்பாலும் ஹாட்ஜ்கின், மத்ததெல்லாம் நான்-ஹாட்ஜ்கின். நம்ம பாஷையில இஃப்-எல்ஸ். அந்த எல்ஸுக்குள்ள இன்னைக்கு 60க்கும் மேற்பட்ட வகைகள்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். படப்பையில பஸ் ஏறினா தாம்பரம். அங்க 1928இல் டாக்டர் சௌரி முத்து டிபி சானடோரியம் தொடங்கினார். ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேருதான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினது 1954இல். நம்ம பக்கம் டிபி அதிகம், அதை முதல்ல சந்தேகப்படறது தப்பில்ல. சந்தேகத்தோட நின்னுடறதுதான் தப்பு.

ஏன்னா ரெண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒண்ணுதான். பிரிச்சுச் சொல்றது திசு மட்டும்தான். ஊசியில செல் எடுக்கறது பல நேரம் போதாது. முடிச்சையே எடுத்து பயாப்ஸி பண்ணணும். விசேஷ சாயங்கள் போட்டு எந்த வகைன்னு கண்டுபிடிப்பாங்க. எவ்வளவு பரவியிருக்குன்னு ஸ்கேன் சொல்லும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா ரெண்டு மூணு வாரத்துல கரையலைன்னா, டாக்டர்கிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "திசு எடுத்துப் பார்த்துடலாமா?" லிம்போமாவுல பல வகைகளைக் குணப்படுத்த முடியும். ஸ்டெர்ன்பெர்க் குழம்பினது மன்னிக்கக்கூடியது. நமக்கு அந்தச் சாக்கு இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.