ஹெர்ன்ஹூட்: அகதிகள் கண்ட ஊர்

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், செக், போலந்து நாடுகளின் எல்லைகளுக்கு அண்மையில் உள்ள ஹெர்ன்ஹூட், கோட்டை கொத்தளங்களால் பெயர் பெற்ற ஊரன்று. ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் தம் சமயத்தைப் பகிரங்கமாக அனுஷ்டிக்க வழியின்றி மொராவியாவிலிருந்து ஓடிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், ஸின்ஸென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722 ஜூன் 17-ஆம் தேதி முதல் மரத்தை வெட்டிச் சாய்த்ததே அதன் ஆதி சரித்திரம். கோடரி பிடித்தவர் கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர்.

துன்புறுத்தலுக்குத் தப்பியவர்கள் சகிப்புத்தன்மையோடு வாழ்வார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர்களோ ஐந்தாண்டுக்குள் தமக்குள்ளேயே சமயப் பூசலில் மூழ்கினார்கள். பிரபு சமாதானம் பேசி, ஊர்ப் பிரமாணங்களை வகுத்து, எல்லோரையும் கையெழுத்திடச் செய்தபின், 1727 ஆகஸ்டு 13-ஆம் தேதி நற்கருணை ஆராதனையில் அவர்கள் மனம் ஒன்றினர். அம்மாதமே, முறைவைத்து இரவும் பகலும் இடையறாது செய்யத் தொடங்கிய பிரார்த்தனை நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

ஹாலே நகரப் பள்ளியில் மாணவராக இருந்தபோதே தரங்கம்பாடி மிஷனின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் ஸின்ஸென்டார்ஃப். அவருடைய உற்சாகத்தால், சில நூறு பேரே வாழ்ந்த இவ்வூர் 1732-இல் மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸுக்கும், மறு ஆண்டு கிரீன்லாந்துக்கும் ஊழியர்களை அனுப்பியது. 1760-இல் தரங்கம்பாடிக்கு அருகே வந்து குடியேறிய இச்சமயச் சபையின் சகோதரர்கள் நிக்கோபார்த் தீவுகளிலும் ஊழியம் செய்ய முயன்று, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்தனர். அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்லச் சென்ற இவர்களே செயின்ட் தாமஸில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்ததையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஊரின் பெரிய ஆலயம் 1945-இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. வெண்ணிறச் சுவரும் வெண்ணிற இருக்கைகளுமாக, சித்திரமோ சிலையோ இன்றி, அது ஒரு கூடம் போலவே இருக்கிறது. ஹூட்பெர்க் குன்றின் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டமோ இச்சபையின் கொள்கையை இன்னும் தெளிவாகக் காட்டுவது. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக, குடும்ப வேற்றுமையும் செல்வ வேற்றுமையும் தோன்றாவண்ணம், தரையோடு தரையாகப் பதித்த ஒரே பாங்கான கற்களின் கீழ் அவர்கள் உறங்குகிறார்கள். நடுவே உயர்ந்து நிற்பவை பிரபு குடும்பத்துக் கல்லறைகள் மட்டுமே. சமத்துவத்தைப் போதித்தவருக்கே அதிலிருந்து விலக்கு அளித்த சீடர்களின் பக்தியை நான் மெச்சமாட்டேன்.

2024-இல் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, அமெரிக்காவின் பெத்லஹேமையும் வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில்லையும் சேர்த்து, இவ்வூரைத் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டது.