ஆறு தந்தியும் மாதப் பத்திரிகையும்

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. மாலையில் வீடு திரும்பிக் காப்பி குடித்த கையோடு கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். கச்சேரி செய்ய வேண்டும், சினிமாவில் வாசிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவனுக்குக் கிடையாது. நாள் முழுவதும் எண்களோடு மல்லாடியவனுக்கு ஒரு மணி நேரம் அந்த ஆறு தந்திகள் துணை. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய காகிதக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தது, மாமா. எல்லாம் அமெரிக்காவிலே வந்த கிட்டார் பத்திரிகை. இதையெல்லாம் உட்கார்ந்து படித்தால் பிரயோசனம் உண்டா? இல்லை, அந்த நேரத்துக்கு வாத்தியத்தையே தட்டிக்கொண்டிருப்பது நல்லதா?"

எழுதிப் பிழைக்கிறவனிடம் வந்து, படிப்பதால் பயன் உண்டா என்று கேட்பது, மிட்டாய்க் கடைக்காரரிடம் போய் மிட்டாய் உடம்புக்கு நல்லதா என்று கேட்பது போல. ஆனாலும் அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. அவனிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதைப் பத்திரிகை தின்றுவிட்டால் கிட்டாருக்கு என்ன மிஞ்சும்? "கட்டு இங்கேயே இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒரு மாதத்தில் கட்டைப் புரட்டியதோடு, இந்த வகைப் பத்திரிகை எங்கே எப்படிப் பிறந்தது என்றும் தேடிப் படித்தேன்.

கதை 1833-இல், லண்டனில் தொடங்குகிறது. மௌரோ ஜூலியானி என்ற இத்தாலிய வித்வான் நேப்பிள்ஸில் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயரையே சூட்டி, 'ஜூலியானியாட்' என்ற கிட்டார் பத்திரிகை ஒன்று அங்கே வெளிவந்தது. ஆங்கிலத்தில் கிட்டாருக்கென்றே வந்த முதல் பத்திரிகை இதுதான் என்கிறார்கள். பாதி கட்டுரை, பாதி வாசிப்பதற்கான இசை. ஜெர்மனியிலிருந்து வந்து லண்டனில் கிட்டார் கற்பித்துக்கொண்டிருந்த பெர்டினாண்ட் பெல்ஸர் என்பவருக்கு அதில் பெரும் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது.

ஏன் அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகை தேவைப்பட்டது? கிட்டாருக்கு லண்டனில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளில் பியானோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பருமனுக்கும் முழக்கத்துக்கும் முன்னால் மடியில் வைத்து மெல்ல மீட்டும் வாத்தியம் என்ன செய்யும்? தனக்கு ஆபத்து வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் மனிதன் பத்திரிகை ஆரம்பிப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஜூலியானியாட் மூன்றாவது வருஷத்திலேயே, 1835-இல், கண்ணை மூடிவிட்டது.

ஆனால் பெல்ஸரின் மகள் இருந்தாள். கேத்தரினா என்று பெயர், 1821-இல் பிறந்தவள். சின்னஞ்சிறு வயதிலேயே மேடை ஏறினாள். அவள் வயதை ஒத்த ஜூலியோ ரெகோண்டி என்ற பையனும் அப்போது லண்டனில் பேர் வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தபோது, கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று இருவரையும் மேஜைமேல் உட்கார்த்தி வைத்தார்களாம். ரெகோண்டி கிட்டாரோடு கான்சர்ட்டினா என்ற கைத்துருத்தி வாத்தியத்தையும் பிடித்துக்கொண்டு, அதில்தான் பெரும் புகழ் பெற்றான். கேத்தரினா கிட்டாரை விடவில்லை. பிராட்டன் என்ற புல்லாங்குழல் வித்வானை மணந்து, மேடம் சிட்னி பிராட்டன் என்ற பெயரில், 1895-இல் இறக்கும்வரை லண்டன் சீமாட்டிகளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்துக் காலம் தள்ளினாள். விக்டோரியா ராணியின் மகள் இளவரசி லூயிஸும் அவளிடம் கற்றவள்.

அந்த அம்மாளின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். சீமாட்டிகளுக்குச் சாதகம் செய்யப் பொறுமை இல்லை என்று கண்டாள். கிட்டாரின் தந்திகளை வழக்கமான சுருதியில் வைக்காமல், ஆறையும் சும்மா மீட்டினாலே ஒரு முழுச் சேர்க்கையாக ஒலிக்கும்படி சுருதி மாற்றி, அதற்கென்று தனியே பாடப் புத்தகமும் போட்டாள். இடது கை பாதி வேலை செய்தால் போதும். கொஞ்சம் மோசடிதான். ஆனால் கிட்டாரை அடியோடு மறந்திருக்கக்கூடிய வீடுகளில் அது சுவரிலாவது மாட்டியிருந்தது என்றால், அதில் இந்த மோசடிக்கும் ஒரு பங்கு உண்டு.

பொறுமையில்லாத ரசிகர்களைப் பெரிய வித்வான்கள் எப்படிச் சகித்தார்கள் என்று கேட்பீர்கள். பாரிஸில் பெர்னாண்டோ ஸோர் என்ற ஸ்பானிய மேதை இருந்தார். 1830-இல் அவர் வெளியிட்ட போதனை நூலை இன்றும் படிக்கிறார்கள். சுலபமான உருப்படிகளே விற்கும் காலம் அது. அதையொட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிய ஒரு தொகுதிக்கு 'என் தொல்லைகள்' என்று பெயர் வைத்து, 'வேண்டுகிறவர்க்கு' என்று சமர்ப்பணம் செய்தார். இன்னொன்றை, எல்லாரிலும் பொறுமை குறைந்தவருக்கு என்று சமர்ப்பித்தார். மனிதர் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

இனி அமெரிக்கா. பிலடெல்பியாவில் சாமுவேல் ஸ்வெய்ம் ஸ்டூவர்ட் என்பவர் பாஞ்சோ செய்து விற்றார். பாஞ்சோ என்பது கிட்டாருக்குத் தூரத்து உறவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நினைவிலிருந்து செய்துகொண்ட வாத்தியம். அதற்குக் கோட்டும் கழுத்துப் பட்டையும் மாட்டிக் கனவான்களின் வீட்டுக்குள் அழைத்துப் போவதே ஸ்டூவர்ட்டின் லட்சியம். 1882-இல் அதற்காகவே 'பாஞ்சோ-கிட்டார் ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் பாடம் உண்டு, வாசிப்பதற்கு இசை உண்டு, வாசகர் கடிதம் உண்டு. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கடைசியில் ஸ்டூவர்ட் பாஞ்சோவைத் தவிர வேறு பாஞ்சோ வாங்காதே என்ற உபதேசமும் உண்டு. பத்திரிகைக்குக் கடை துணையா, கடைக்குப் பத்திரிகை துணையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1903-இல் லண்டனில் 'பி.எம்.ஜி.' என்ற பத்திரிகையைத் தொடங்கிய கிளிபர்ட் எஸ்ஸெக்ஸும் வாத்திய வியாபாரிதான். அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இந்தக் குலத்துக்கு இதுதான் பிறவிக் குணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டூவர்ட் ஒரு பெரிய சண்டையும் போட்டார். அதைச் சற்று விளக்கவேண்டும். வீணையைப் போலவே கிட்டாரின் கழுத்திலும் குறுக்கே மெட்டுகள் உண்டு. இசையை எழுதிவைக்க இரண்டு வழி. ஒன்று, ஐந்து கோடு போட்டு ஸ்வரத்தை எழுதுவது. மற்றொன்று, தந்திக்கு ஒரு கோடாகப் போட்டு, எந்த மெட்டில் விரல் வைக்கவேண்டும் என்று வெறும் எண்ணை எழுதுவது. இந்த இரண்டாவது, டாபுலேச்சர் என்ற எண் முறை, புதிதல்ல. 1507-லேயே வெனிஸ் நகரில் பெட்ருச்சி என்ற அச்சுக்காரர் லூட் என்ற வாத்தியத்துக்கு இந்த முறையில் புத்தகம் அச்சிட்டார். ஸ்டூவர்ட்டுக்கோ எண்ணைக் கண்டாலே ஆகாது. அது சோம்பேறிகளின் வழி, ஸ்வரம் படிக்கத் தெரியாதவன் வித்வானல்ல என்று தம் பத்திரிகையில் ஓயாமல் இடித்தார்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிட்டாரில் ஒரே ஸ்வரம் பல இடங்களில் கிடைக்கும். முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் எழும் நாதம், இரண்டாவது தந்தியில் ஐந்தாவது மெட்டிலும், மூன்றாவதில் ஒன்பதாவதிலும், நான்காவதில் பதினாலாவதிலும் இருக்கிறது. எங்கே வாசிப்பது என்று ஐந்து கோடு தானாகச் சொல்லாது, எண் சொல்லிவிடும். ஆனால் பத்திரிகைகளில் வரும் வெறும் எண் எவ்வளவு நேரம் நிற்பது என்று சொல்லாது. பாட்டை முன்பே காதால் கேட்டவனுக்குத்தான் அது உதவும். பழைய லூட் புத்தகங்களில் எண்ணுக்கு மேலே காலக் குறியும் போட்டிருந்தார்கள். நூறு வருஷம் கழித்து, 1980-களில், அமெரிக்கக் கிட்டார் பத்திரிகைகள் இந்த எண் முறையைப் பக்கம் பக்கமாகப் போட்டு விற்றன. ஸ்டூவர்ட் 1898-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.

அந்தக் காலம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் கோஷ்டியை அமெரிக்காவில் ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். மறு வருஷமே பெண்டர் கிட்டார் கம்பெனியை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். வாங்கியது. 1967-இல் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரில் பட் ஈஸ்ட்மன் என்பவர் 'கிட்டார் பிளேயர்' பத்திரிகையைத் தொடங்கினார். அவரும் கிட்டார் வியாபாரியே என்று சொன்னால் நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

பையன் கொண்டுவந்த கட்டில் பெரும்பாலும் இந்தப் பத்திரிகைதான். முதலில் கண்ணில் படுவது விளம்பரம். இந்தக் கிட்டாரை வாங்கினால், இந்தப் பெட்டியை மாட்டினால், இந்தத் தந்தியைக் கட்டினால், நீயும் அவரைப் போல ஆகிவிடலாம்! கணக்கு எழுதும் பையன்களின் பணப்பை இதற்குத்தான் வாயைத் திறக்கிறது. அடுத்தது பாடங்கள். அவற்றில் நல்லவை உண்டு, எழுதியவர்களும் பெரிய ஆட்கள். ஆனால் காகிதத்துக்குக் கண் கிடையாது. இளமையில் நானும் ஒரு புத்தகத்தைப் பார்த்து மூன்று மாதம் கிட்டார் பழகினேன். மணிக்கட்டு ஒடிந்துவிடும்போல வலித்தது. பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "மேன், கட்டைவிரலைக் கீழே இறக்கு" என்றார். ஒரு நிமிஷத்தில் வலி போயிற்று. கிட்டார் பிளேயரில் மாதாமாதம் பாடம் எழுதிய ஹோவர்ட் ராபர்ட்ஸே, 1977-இல் ஹாலிவுட்டில் ஒரு கிட்டார் பள்ளிக்கூடம் நிறுவியவர்களில் ஒருவர். காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் கட்டைப் பழைய பேப்பர் கடைக்கே அனுப்பிவிடலாமா? அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். அப்போது டாமி டெடெஸ்கோ குறுக்கிட்டார்.

இவர் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் கூலிக்குக் கிட்டார் வாசித்தவர். படத்துக்கும் டெலிவிஷனுக்கும் இசைத்தட்டுக்கும் ஆயிரக்கணக்கில் வாசித்தும், பெயர் எங்கும் அச்சாகாத மனிதர்களில் ஒருவர். கிட்டார் பிளேயரில் மாதம் ஒரு பக்கம் எழுதினார். இன்ன நாள் இன்ன ஸ்டுடியோவுக்குப் போனேன், இன்ன வாத்தியம் கேட்டார்கள், காகிதத்தில் இந்த இடம் கடினமாக இருந்தது, இப்படிச் சமாளித்தேன், இவ்வளவு கூலி கொடுத்தார்கள். இதுதான் விஷயம். மாண்டலின் வேண்டும் என்பார்கள், கிரேக்க நாட்டு வாத்தியம் வேண்டும் என்பார்கள். டெடெஸ்கோ அவற்றையெல்லாம் கிட்டாரைப் போலவே சுருதி கூட்டிக்கொண்டு வாசித்துவிட்டு வருவார். மேடம் பிராட்டனின் மோசடிக்கு நேர்த் தம்பி! எத்தனை பெரிய தொழில்காரரும் காலையில் பயத்தோடு கிளம்பி, கிடைத்த உபாயத்தால் மானத்தைக் காத்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறார் என்பதை அந்தப் பக்கத்தில்தான் கண்டேன். மாடியில் தனியாக உட்கார்ந்து, நாலாவது விரல் எட்டவில்லையே என்று நொந்துகொள்கிறவனுக்கு இது மருந்து அல்லவா?

இன்னொரு பக்கமும் உண்டு. மைக் வார்னி என்பவர், யாருக்கும் தெரியாதவர்கள் தபாலில் அனுப்பும் ஒலிநாடாக்களைக் கேட்டு, நன்றாக வாசிப்பவர்களைப் பற்றி நாலு வரி எழுதுவார். 1983 பிப்ரவரி இதழில் ஸ்வீடனிலிருந்து நாடா அனுப்பிய இங்வே மால்ம்ஸ்டீன் என்ற இளைஞரைப் பற்றி எழுதினார். இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பலேறாத குறையாக வந்து சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். இப்படி யோகம் அடித்தவர்கள் சிலர். ஆனால் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, தானும் ஒரு நாடா பதிவு செய்யலாம் என்று இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ! எனக்கென்னவோ அவர்கள் மேல்தான் மனம் போகிறது. பத்திரிகை அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் கேட்பார் என்று சொல்லியது. 1833-இல் லண்டனில் பியானோக்களுக்கு நடுவே கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாக விழித்தவர்களுக்கு ஜூலியானியாட் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கிட்டார் பிளேயர் அச்சில் வருவது 2024-உடன் நின்றுபோயிற்று. ஐம்பத்தேழு வருஷம் ஓடியது. தெரு முனைப் பெட்டிக்கடையைக்கூட அவ்வளவு காலம் நடத்துவது கஷ்டம்.

ஒரு மாதம் கழித்துப் பையன் வந்தான். விளம்பரத்தைப் படிக்காதே, எண் முறைப் பாடத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அது கையில் வரும்வரை அடுத்த இதழைத் திறக்காதே, பஸ்ஸில் போகும்போது டெடெஸ்கோவைப் படி, மாடியில் படிக்காதே என்றேன். தலையை ஆட்டினான். கட்டைப் புரட்டி, அவனுக்குத் தெரிந்த பாட்டு ஒன்று இருந்த இதழை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"மீதியை என்ன செய்யட்டும், மாமா? கடையிலே திருப்பிப் போட்டுவிடவா?"

"அவசரமில்லை, இருக்கட்டும்" என்றேன். டெடெஸ்கோவின் கூலிக் கணக்கு இன்னும் பதினோரு மாதத்துக்கு நான் படிக்கவேண்டியிருந்தது.