சட்டைப்பைக்குள் வந்த பாட்டுப்பெட்டி



கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே சின்னஞ்சிறு பாட்டுப்பெட்டிகள் விற்கிறார்கள். சில தீப்பெட்டி அளவே இருக்கும். இரவும் பகலும் சாமி மந்திரம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டிகளும் உண்டு. அவற்றுள் நாடா ஓடுவதில்லை, தட்டுச் சுழல்வதில்லை. அப்படியானால் பாட்டு எங்கே இருக்கிறது? அதை உள்ளே வைத்தவர் யார்? இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

தோட்டப்புறத்தில் பாட்டு முதலில் நம் கையில் இருந்ததில்லை. 1946ஆம் ஆண்டில் மலாயா வானொலி தொடங்கியபோது, லயத்தில் சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் அரிது. அவசரகாலம் என்று நாம் கூறும் 1948 முதல் 1960 வரையிலான காலத்தில், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை அரசாங்கம் வைத்தது. அரசாங்கம் சொல்ல விரும்பிய செய்தி மக்களை எட்டவேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். செய்தியோடு பாட்டும் வந்தது. நம்மவர்கள் பாட்டுக்காகவே கூடினார்கள் என்றால் அது குற்றமாகாது.

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இச்சிறு பொருள், சூடேறி எரியும் கண்ணாடிக் குழாய்களுக்கு விடைகொடுத்தது. 1954இல் ரீஜன்சி என்ற கையடக்க வானொலி அங்கே விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே ஜப்பானின் சோனி நிறுவனமும் தன் வானொலியை வெளியிட்டது. மின்கம்பி வராத லயத்திலும் பாட்டரியால் பாட்டுக் கேட்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆயினும் எந்தப் பாட்டு, எந்த நேரம் என்பதை நிலையத்தார்தான் முடிவு செய்தார்கள்.

அந்த உரிமையை நமக்குத் தந்தது கேசட். ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளர் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மரத்துண்டைச் செய்து வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவுக்குள் இருக்கவேண்டும் என்றாராம். 1963இல் பெர்லின் பொருட்காட்சியில் கேசட் அரங்கேறியது. அதில் பாட்டுக் கேட்பதோடு, நம் குரலையும் பதிவு செய்யலாம். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் திருவிழா மேளமும் பதிவாயின. எழுத்தறியாத தாய் ஊரிலுள்ள உறவுக்குப் பேசியே அனுப்பிய கடிதமும் பதிவாயிற்று. தோட்டத்து மக்களின் குரல் அவர்கள் கையாலேயே சேர்த்துவைக்கப்பட்டது இந்த நாடாக்களில்தான் என்று நாம் கருதுகிறோம்.

1979 ஜூலை முதல் நாள் சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேனை வெளியிட்டது. அதில் பதிவு செய்ய முடியாது, ஒலிபெருக்கியும் கிடையாது. இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கினார்கள்! முதல் வாக்மேனில் காதுக்கருவி செருக இரண்டு துளைகள் இருந்தன. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று செய்தவர்களே தயங்கினார்கள் போலும். 1980களில் சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போன தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இப்பொருள் புதிதல்ல. ஒரே வீட்டில் அப்பா ஒரு பாட்டும் மகள் வேறொரு பாட்டும் கேட்கும் காலம் அப்போதுதான் பிறந்தது.

இனி, நாடாவே இல்லாத பெட்டிக்கு வருவோம். அதில் இருப்பவை எண்கள். பால் நிறுக்குமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி ஒவ்வொருவர் பாலையும் அளந்து எண்ணைப் புத்தகத்தில் எழுதுகிறார். பால் ஆலைக்குப் போய்விடும், எண் நிற்கும். அதுபோல, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதே 1982இல் வந்த குறுந்தட்டு. இதில் ஒரு சங்கடம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 50 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். அன்றைய கணினிக்கு அது பெருஞ்சுமை.

இங்கேதான் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து அறிஞர்கள் உதவிக்கு வந்தார்கள். பிரான்ஹோபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் மனிதக் காதின் இயல்பை ஆராய்ந்தார்கள். ரப்பர் ஆலையில் உருளை இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் வளையல் ஓசை நமக்குக் கேட்குமா? பெரிய ஓசை சிறிய ஓசையை மறைத்துவிடுகிறது. கேட்காத ஒலிக்கு எதற்காக இடம் கொடுக்கவேண்டும்? அதைக் கழித்துவிட்டால் பாட்டு ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இம்முறைக்கு 1995இல் எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. சுருக்கிய பாட்டைத் தாங்க, மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவுச்சில்லும் ஆயத்தமாக இருந்தது. அது 1980களில் ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தில் பியூஜியோ மசுவோகா உருவாக்கியது.

இரண்டும் சேர்ந்து 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனத்து எம்.பி.மேன் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரியோ வந்தது. 32 மெகாபைட், அரைமணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். அதற்கே இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1999 ஜூனில் மேல்முறையீட்டு மன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டை ஒருவர் தம் சட்டைப்பைக்கு மாற்றிக்கொள்வது திருட்டல்ல என்பதே அதன் கருத்து.

நமக்கு அண்டை வீடான சிங்கப்பூரிலும் ஒரு கதை உண்டு. சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் நிறுவனம், கணினிக்கு ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டில் அது நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டியை, சிறு வன்தட்டோடு வெளியிட்டது. 2002இல் கணினியில் நேரே செருகக்கூடிய மூவோ வந்தது. ஒற்றைச் சிறு பாட்டரியில் ஓடும், விரல் நீளம்தான் இருக்கும். இடையே 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஆயிரம் பாட்டோடு வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. பாடகர், தொகுப்பு, பாட்டு என்று படிப்படியாகத் தேடும் முறைக்குக் கிரியேட்டிவ் உரிமம் பெற்றிருந்தது. வழக்கு மூண்டு, 2006இல் ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த ஐபாட்டும் 2022இல் நின்றுபோனது. கைத்தொலைபேசி அதை விழுங்கிவிட்டது.

பாட்டைத் தேடும் முறைக்கே இத்தனை பணம்! பாடியவருக்கு என்ன கிடைத்தது? பசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கள்ளக் கேசட் வாங்கியவர்களில் நாமும் உண்டு, மறைப்பானேன்? நம் நாட்டில் 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வந்த பிறகும் அவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை. எம்.பி.3 வந்ததும் ஒரே தட்டில் நூறு பாட்டு ஏறியது. சீவிய பாலுக்குக் கூலி கேட்டுப் போராடிய நாம், பாடிய குரலுக்கும் கூலி உண்டு என்பதை மறந்துவிட்டோம். அடி விழுந்தது நம் உள்ளூர்க் கலைஞர்களுக்குத்தான். 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட 'வல்லவன்' போன்ற நம் நாட்டுத் தொகுப்புகளை விலை கொடுத்து வாங்குவோர் இருந்தால்தானே அடுத்த தொகுப்பு வரும்?

2017இல் இந்தியாவின் சரிகம நிறுவனம் காரவான் என்றொரு பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்சிஸ்டர் வானொலி போன்ற தோற்றம், உள்ளே 5,000 பழைய பாட்டுகள். தமிழ்ப் பாட்டுகளுக்கென்றும் ஒன்று பின்னர் வந்தது. சிறிய திரையில் விரல் தேய்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு அது ஒரு வரம். ஒலிபெருக்கி இருப்பதால் வீட்டார் அனைவரும் கேட்கலாம். ஆனால் அந்த 5,000 பாட்டும் நிறுவனம் தேர்ந்தெடுத்தவை. நம் பாட்டி பாடிய ஒப்பாரி அதில் இராது.

அது அலமாரியின் மேல் தகரப் பெட்டியில் கிடக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது எத்தனை வீடுகளில் அப்பெட்டி குப்பைக்குப் போயிற்றோ! மீந்தவற்றையும் நம் ஊர் ஈரக்காற்றும் பூஞ்சையும் தின்றுகொண்டிருக்கின்றன. வெண்பூஞ்சை படிந்த நாடாவைக் கருவியில் போட்டு ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவை முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டிவிட்டு, கேசட் கருவியின் காதுக்கருவித் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி இணைத்து, முழுவதும் ஓடவிட்டுப் பதியவேண்டும். அதற்கு அவசரம் உதவாது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகவே செய்யும்.

எம்.பி.3 ஆக மாற்றினால் அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறைய 58 மெகாபைட். 1998ஆம் ஆண்டு ரியோவில் அது அடங்கியிராது. இன்று விரல்நகம் அளவுள்ள 32 கிகாபைட் அட்டை 500 நாடாக்களுக்கு மேல் தாங்கும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு ஆகிய மூன்றையும் பதிவின் பெயராகவே எழுதிவிடுங்கள்.