கருவித் தடம்

கடினமான கருவி தன்னைவிட மென்மையான பரப்பில் பதிக்கும் பள்ளம் அல்லது கீறல். தடய அறிவியல் ஆராயும் சான்றுகளில் ஒன்று. பல்லடம் பக்கம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் செம்பு கேபிளை யாராவது வெட்டிக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டிங் பிளேயர் வாயிலுள்ள நுண்ணிய பிசிறுகள் அதில் இணைகோடுகளாக இழுபட்டிருக்கும். பிடிபட்ட பிளேயரால் ஈயத்தை வெட்டி, இரண்டு தடங்களையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பார்கள். பிளேயரையே கேபிள் முனையில் பொருத்திப் பார்த்தால் தடம் கெட்டுவிடும். சாணை பிடித்த கருவி என்றால் பழைய கோடுகள் கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கில் (1935) கடத்தலுக்குப் பயன்பட்ட ஏணியின் சட்டத்திலிருந்த இழைப்புளித் தடம் முக்கியச் சான்றானது. இந்தியாவில் கருவித் தட ஒப்பீட்டின் முடிவு பாரதிய சாட்சிய அதினியம் 39ஆம் பிரிவின்கீழ் வல்லுநர் கருத்து மட்டுமே, தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது.